கரும்பு ரயில் எங்கே தடம் புரண்டது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கராஜின் பின்சுவரை ஒட்டி ஒரு கரும்புத் தோட்டம் இருக்கிறது. நீளம் 2.4 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். அதற்குள் 9 மி.மீ. அகலத்தில் ஒரு ரயில் பாதை சுற்றி வருகிறது. ஆறு கரும்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு கட்டைவிரல் நீளத்தில் ஒரு எஞ்சின் அதில் ஓடுகிறது. 2021 கடைசியில் வேலையை ஆரம்பித்தேன். முதல் ஓட்டம் 2023 பிப்ரவரியில். அன்றிலிருந்து அந்த வருடம் நவம்பர் வரை, ஒன்பது மாதம், ஒரே ஒரு கோளாறு என்னை விடவில்லை. வண்டிகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம் புரண்டன. அந்தக் கோளாறைத் தேடிப்போன கதையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மாதிரி ரயிலுக்கு மலை செய்வது, மரம் செய்வது, வீடு செய்வது பற்றியெல்லாம் படிக்க நிறையக் கிடைத்தது. எனக்கு வேண்டியிருந்தது பாதைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது.

முதலில் ஏன் இந்தப் பாதை என்று சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் பிரதான ரயில் பாதையே குறுகலானதுதான், 1,067 மி.மீ. இந்தியாவின் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதையும்விடக் குறுகியது இரண்டடிப் பாதை, அதாவது 610 மி.மீ. போர்ட் எலிசபெத்திலிருந்து அவொன்டூர் வரை சுமார் 285 கி.மீ. தூரத்துக்கு அப்படி ஒரு பாதை போனது. எங்கள் நேட்டால் பக்கத்தில் போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங்குக்கும், உம்சிண்டோ பக்கமிருந்து டானிபுரூக்குக்கும், எஸ்ட்கோர்ட்டிலிருந்து வீனனுக்கும் இரண்டடிப் பாதைகள் இருந்தன. இவை அரசு ரயில்வேயின் கிளைகள். இவை போக, கடற்கரையோரக் கரும்பு எஸ்டேட்டுகள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட டிராம் பாதைகள் தனி. வயலில் வெட்டிய கரும்பு மில்லுக்குப் போனது அந்த வழியாகத்தான்.

அந்தப் பாதைகளில் வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் போனது கரும்பு எஸ்டேட்டுக்கு. ரயில்வேக்குப் போனவர்களும் உண்டு. என் ஆயாவின் அப்பா இங்கேயே பிறந்தவர். உம்சிண்டோ பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பாதை கேங்கில் இருந்தார். சிலிப்பர் கட்டை மாற்றுவது, அடியில் மண்ணும் கல்லும் திணித்துப் பாதையை மட்டத்துக்குக் கொண்டுவருவது, வெட்டு நடக்கும் வயலுக்குள் தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளைத் தூக்கிப் போடுவது, வெட்டு முடிந்ததும் கழற்றி அடுத்த வயலுக்குச் சுமப்பது, இதுதான் அவர் வேலை. அவருடைய போட்டோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ஆயாவுக்கு இப்போது 86 வயது. அவருக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: "அப்பா தண்டவாளத்துல கன்னத்த வெச்சிப் படுத்துக்குவாரு. ஒரு கண்ண மூடிக்கிட்டு நேராப் பாப்பாரு. அப்புறம் எந்திரிச்சி, அங்க, அந்த மூணாவது கட்டைக்கு அடியிலன்னு கைய நீட்டுவாரு."

அந்தக் கேங்கை ஒரு பலகைமேல் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் நான் வாங்க நினைத்த முதல் எஞ்சின் வேறு. இரண்டடிப் பாதை என்றாலே இங்கே எல்லோருக்கும் ஞாபகம் வருவது காரட் எஞ்சின். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் சக்கரத் தொகுதிகள், இரண்டுக்கும் நடுவே தொங்குபாலம் போல அந்தக் கொதிகலன் உட்கார்ந்திருக்கும். வளைவில் மூன்று துண்டும் தனித்தனியே திரும்புவதால் பெரிய எஞ்சினும் சின்ன வளைவில் போய்விடும். ஹெர்பர்ட் வில்லியம் காரட் 1907இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. தென்னாப்பிரிக்க இரண்டடிப் பாதையில் ஓடிய என்.ஜி.ஜி.16 வகை அதில் பேர்போனது. அதன் கடைசி எஞ்சின்களை 1967, 68இல் ஹன்ஸ்லெட்-டெய்லர் கம்பெனி ஜெர்மிஸ்டனில் கட்டியது. சில இப்போது வேல்ஸில் சுற்றுலா ரயில் இழுக்கின்றன. எவ்வளவு அழகான எஞ்சின்! ஆனால் அது பிரதானக் கிளைப் பாதையின் எஞ்சின். வயலுக்குள் போன டிராம் பாதைக்கு உரியது அவான்சைடு, பேக்னால் போன்ற கம்பெனிகள் இங்கிலாந்தில் கட்டி அனுப்பிய குட்டி டேங்க் எஞ்சின்கள். என் கொள்ளுத்தாத்தா பராமரித்த பாதை அந்தக் குட்டிகள் ஓடியது. ஆறு மாதம் இரண்டுக்கும் நடுவே தத்தளித்துவிட்டு, குட்டியைத் தேர்ந்தெடுத்தேன். இடம் எது, வேலை எது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் எஞ்சின் தானாக அமைந்துவிடும் என்பதை அப்போது உணர்ந்தேன். எதைக் கட்டுகிறவரானாலும் இந்த வரிசையில் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினில் ஆரம்பித்தால் பாதை எஞ்சினுக்குச் சேவகம் செய்ய வேண்டியதாகிவிடும்.

அடுத்தது அளவு. இங்கே வேண்டியது ஒரு வகுத்தல் கணக்குதான். 610 மி.மீ. பாதையை 1:76இல், அதாவது எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 8 மி.மீ. வரும். 1:87இல் சுருக்கினால் 7 மி.மீ. கடையில் சுலபமாகக் கிடைக்கும் தண்டவாளம் 9 மி.மீ., அது 'என்' கேஜ் எனப்படும் மிகச் சிறிய மாதிரி ரயில்களுக்காகச் செய்யப்படுவது. ஆகவே 1:76இல் ஒரு மில்லிமீட்டர் பிசகு, 1:87இல் இரண்டு மில்லிமீட்டர் பிசகு. நான் 1:76ஐ எடுத்துக்கொண்டேன். இந்தக் கூட்டணிக்குப் பெயர் ஓஓ9. இதில் பெரிய வசதி, 'என்' கேஜுக்காக வரும் மோட்டார், சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் பயன்படும் என்பது. என் எஞ்சினின் அடிப்பாகம் ஜப்பானின் கேட்டோ கம்பெனியுடையது, மேல்பாகம் முப்பரிமாண அச்சில் எடுத்தது. தண்டவாளம் பீக்கோ கம்பெனியின் வளைக்கக்கூடிய வகை. அதில் சிலிப்பர்கள் வேண்டுமென்றே கோணல்மாணலாக இருக்கும். எஸ்டேட் பாதைக்கு அது பொருத்தம்.

பலகை இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 1.2 மீட்டர், பைன் சட்டத்தின் மேல் 9 மி.மீ. பிளைவுட், அதற்கு மேல் வெப்பத்தடுப்பு ஃபோம் ஒரு அடுக்கு. நடுவில் இரண்டு போல்ட் போட்டு இணைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் கராஜ் வேண்டும். கல்யாணம், பூசை என்றால் பலகையைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவிட்டு அங்கேதான் பெரிய அண்டாக்கள் ஏறும். அதனால்தான் இரண்டு துண்டு. ஃபோமை ஒட்டும்போது கான்டாக்ட் பசை உபயோகித்தேன், அது ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிட்டது. அப்புறம் வெள்ளைப் பசைக்கு மாறினேன், இங்கே கோல்டு குளூ என்பார்களே, அது. ஒரு நாள் உலர விட்டால் போதும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசுலு-நேட்டாலில் கொட்டிய மழை 400 பேருக்கு மேல் பலிகொண்டது. எங்கள் தெருவிலேயே வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கராஜுக்குள் வந்தது கணுக்கால் அளவு தண்ணீர்தான். அந்த இரவு பலகைகள் இரண்டும் செங்குத்தாகச் சுவரில் சாய்ந்து நின்றன. இடது பலகையின் ஒரு முனை தண்ணீரில் நின்றது. அந்த வாரம் யாருக்கும் பலகையைப் பற்றி நினைப்பில்லை. பிறகு வெயிலில் வைத்து உலர்த்தினோம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த விஷயத்தை நான் மறந்தே போனேன். படிக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

கோளாறும் நோட்டுப் புத்தகமும்

2023 பிப்ரவரியில் முதல் ரயில் ஓடியது. மூன்றாவது சுற்றில் கடைசி வண்டி விழுந்தது. எடுத்து வைத்தேன். ஏழாவது சுற்றில் நடு வண்டி. அன்றிரவு பதினைந்து சுற்றுக்கு மேல் ஓட்ட முடியவில்லை.

அடுத்த நாளே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். வண்டிகளுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டேன். பாதையை 10 செ.மீ.க்கு ஒரு குறி வைத்துப் பிரித்தேன். தினமும் சாயங்காலம் 50 சுற்று, ஒரே வேகம். எந்தச் சுற்றில், எந்த வண்டி, எந்தக் குறியில் விழுந்தது என்று எழுதினேன். முதல் வாரத்தில் ஒரு 50 சுற்றுக்கு 17 விழுதல்கள். ஒன்றிரண்டு தவிர எல்லாமே ஒரே இடம்: இடது பலகையில் நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடம். எல்லா வண்டியும் விழுந்தன, லேசான வண்டி அதிகம் விழுந்தது.

வளைவின் வாயிலில் விழுந்தால் வளைவின்மேல்தானே சந்தேகம் வரும்? எனக்கும் வந்தது. நான் போட்டிருந்த வளைவின் ஆரம் 228 மி.மீ., ஒன்பது அங்குலம். ஓஓ9க்கு அது தாராளமானது அல்ல என்றாலும் நாலு சக்கரக் குட்டி வண்டிக்குப் போதும். இருந்தும் மனம் கேட்கவில்லை. அதற்குமுன் வேறு சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டேன். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தேன், இரண்டு ஜோடி இறுகலாக இருந்தன, சரிசெய்தேன். விழுதல் குறையவில்லை. பிறகு வெயிலைச் சந்தேகித்தேன். டர்பன் பிப்ரவரியில் கராஜின் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் இயல்பு. தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அது ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மில்லிமீட்டரில் 0.016 பங்கு நீளும். 2.4 மீட்டர், 15 டிகிரி மாற்றம் என்று போட்டுப் பார்த்தால் மொத்தமே அரை மி.மீ.க்குச் சற்று மேல். இணைப்புகளில் நான் விட்டிருந்த இடைவெளி அதைவிட அதிகம். ஆக வெயில் இல்லை.

மிஞ்சியது வளைவு. ஜூனில் அதைப் பெயர்த்தெடுத்து 260 மி.மீ. ஆரத்தில் புதிதாகப் போட்டேன். பலகையின் அகலம் அனுமதிக்கும் உச்சம் அது. போட்டதும் விழுதல்கள் சரேலென்று குறைந்தன. ஜூலையில் 50 சுற்றுக்கு இரண்டு. ஆகஸ்டில் ஒரு நாள் சுத்தமாகப் பூஜ்யம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வளைவுதான் காரணம் என்று நோட்டில் எழுதிக் கோடும் போட்டுவிட்டேன். கரும்பு நடும் வேலைக்குப் போனேன்.

அக்டோபரில் மழை தொடங்கியது. மாதக் கடைசியில் 50 சுற்றுக்கு 14.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். வளைவு மாறவில்லை, சக்கரம் மாறவில்லை, ஓட்டும் கை மாறவில்லை. மாறியது பருவம் மட்டும். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் வளைவை மாற்றிய ஜூன், டர்பனின் வறண்ட குளிர்காலம் ஆரம்பிக்கும் மாதம். மாற்றாமல் விட்டிருந்தாலும் விழுதல் குறைந்திருக்கும். இரண்டு மாற்றம் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது. என் கை செய்ததை மட்டும் நான் கணக்கில் வைத்திருந்தேன்.

ஏறிய இடம்

அப்போதுதான் நிஜ ரயில்வேயில் தடம் புரண்டால் எப்படி விசாரிப்பார்கள் என்று படித்தேன். அவர்கள் இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சக்கரம் தண்டவாளத்தைவிட்டு கீழே இறங்கிய இடம் ஒன்று. அதற்கு முன்பு, சக்கரத்தின் விளிம்பு, அதாவது தண்டவாளத்தின் உள்பக்கம் தொங்கும் உதடு, தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் இன்னொன்று. நடுவில் சில அடி தூரம் சக்கரம் தலைமேலேயே உருண்டு வந்திருக்கும். தலைமேல் மெல்லிய கீறல் ஒன்று அதைக் காட்டிக்கொடுக்கும். காரணத்தைத் தேட வேண்டியது ஏறிய இடத்தில்.

நான் ஒன்பது மாதமும் பார்த்துக்கொண்டிருந்தது இறங்கிய இடத்தை. கீறலாவது இருந்ததா என்றால், தினமும் ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தைத் தேய்த்துத் துடைத்து அதையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கறுப்பு மார்க்கர் பேனா எடுத்து, வளைவுக்கு முன்னால் 40 செ.மீ. தூரத்துக்கு இரண்டு தண்டவாளத்தின் தலையிலும் மை பூசினேன். ரயிலை விட்டேன். சக்கரத்தின் தட்டைப் பகுதி ஒழுங்காக உருண்ட இடத்தில் மை ஒரு பட்டையாக அழியும். விளிம்பு ஏறினால் ஊசியால் கீறியதுபோல ஒரு கோடு வரும். மூன்றாவது சுற்றில் நாலாம் எண் வண்டி விழுந்தது. ரயிலை நிறுத்திவிட்டு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது! வெளித் தண்டவாளத்தின் உள் ஓரத்தில் தொடங்கி, தலைமேல் குறுக்காக நகர்ந்து, 9 செ.மீ. தள்ளி வளைவின் வாயிலில் வெளியே இறங்கியிருந்தது. அந்தக் கோடு தொடங்கிய இடம் இரண்டு பலகைகளும் சேரும் இணைப்பு.

மகள் தன் போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா தண்டவாள மட்டத்தில் இருக்கும்படி வைத்து, மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தாள். இணைப்பைத் தாண்டும்போது வண்டியின் முன் சக்கரம் ஒரு குதி குதித்தது. மேலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. தரையோடு கண் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆயா சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை ஒரு பொம்மையின் நிலையாக மட்டும் மனதில் வைத்திருந்தேன்.

மனைவியின் தாய்மாமா மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். இரும்புப் பட்டை ஒன்றை இணைப்பின் குறுக்கே வைத்தார். பின்னால் டார்ச் அடித்தார். இடது பக்கம் பட்டைக்கு அடியில் வெளிச்சம் கசிந்தது.

"தம்பி, இந்தப் பலக தண்ணியில நின்னுச்சா?"

"ஆமா மாமா, வெள்ளத்தப்போ. ஆனா நல்லாக் காயவெச்சிட்டோமே?"

"காஞ்சிருக்கும். மரம் மறக்காது. ஒரு தடவ குடிச்சி முறுக்குன கட்ட, ஈரக் காத்துக்கெல்லாம் திரும்பத் திரும்ப முறுக்கும். நீ ரெண்டு போல்ட் போட்டு இழுத்துப் புடிச்சிருக்க, சரி. மேல கீழ நகராம இருக்க என்ன வெச்சிருக்க?"

ஒன்றும் வைக்கவில்லை. போல்ட் துளையில் போல்ட்டைச் சுற்றி ஒரு மி.மீ. இடைவெளி இருந்தது. பலகை அந்த இடைவெளிக்குள் மேலும் கீழும் விளையாடியிருக்கிறது. கார் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் தகடுகளை நுழைத்து அளந்தோம். மழை பெய்த சாயங்காலம் இரண்டு பலகைக்கும் நடுவே படிக்கட்டு போல 0.7 மி.மீ. உயரத்துக்கு ஒரு படி இருந்தது. நாலு நாள் காய்ந்த பிறகு மத்தியானம் பார்த்தால் 0.2. இந்த அளவுச் சக்கரத்தின் விளிம்பு ஆழமோ அரை மி.மீ.யைச் சற்றே தாண்டும். கணக்கு அங்கே நேராகிவிட்டது. படி விளிம்பைவிட உயர்ந்தால் சக்கரம் ஏறும், தாழ்ந்தால் ஏறாது. மழைக்காலத்தில் விழுந்ததும் குளிர்காலத்தில் நின்றதும் இதனால்தான். நேர்ப்பாதையில் 9 செ.மீ. தலைமேல் தாக்குப்பிடித்துவிட்டு, வளைவு திரும்பத் தொடங்கியதும் வெளியே விழுந்திருக்கிறது. வளைவின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

சரிசெய்தது

முறுக்கிய குறுக்குச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, மாமா பழைய அலமாரியிலிருந்து எடுத்த நன்றாகப் பழுத்த கட்டையை வைத்தார். இணைப்பில் ஆண் பெண் பித்தளைக் குமிழ்கள் இரண்டு ஜோடி பதித்தோம். அவை பலகையைக் கழற்றி மாட்டினாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத்தான் கொண்டுவரும். போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும், இடத்தைத் தீர்மானிப்பது குமிழ். இந்தப் பிரிவினை தெரியாததுதான் என் மூலத் தவறு. தண்டவாள முனைகளை இணைப்பின் இருபக்கமும் செம்பு பூசிய சர்க்யூட் பலகைத் துண்டுகளில் சால்டர் வைத்தேன். ஃபோமில் பசையால் மட்டும் நின்ற தண்டவாளம் இப்போது கட்டையோடு பிணைந்துவிட்டது. கடைசியாகச் சட்டம், பிளைவுட், எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் வெட்டுமுனைகளிலும் வார்னிஷ். கீழ்ப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் விட்டிருந்தேன். ஈரம் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

விழுதல் 50 சுற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. மூன்றும் இப்போது வேறு இடத்தில், வளைவின் நடுவில். மறுபடி மார்க்கர் மை. இந்தத் தடவை விடை ஒரே சாயங்காலத்தில் கிடைத்தது. ஜூனில் வளைவைப் போடும்போது, நிஜ ரயில்வே மாதிரி வெளித் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும் என்று அட்டைத் துண்டு கொடுத்திருந்தேன். நிஜத்தில் அந்த உயரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நான் ஒரே இடத்தில் ஏற்றிவிட்டேன். நாலு சக்கர வண்டியின் சட்டம் விறைப்பானது. நாலு சக்கரமும் ஒரே தளத்தில்தான் இருக்க முடியும். பாதை முறுக்கினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். எஸ்டேட் டிராமின் வேகத்துக்கு அந்த உயர்த்தலே தேவையில்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தை 1:76இல் சுருக்கினால் வினாடிக்கு 55 மி.மீ. வரும், நத்தை கொஞ்சம் அவசரப்பட்டது போல. அட்டைகளை உருவி எடுத்தேன்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 'என்' கேஜ் வண்டிக்குச் சொல்லும் அளவு, அரை அவுன்சும் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கு 0.15 அவுன்சும். என் வண்டி இரண்டங்குலம், ஆக 0.8 அவுன்சு, கிட்டத்தட்ட 23 கிராம். நான் செய்த வண்டி 7 கிராம்தான் இருந்தது. டர்பனில் மீன்பிடிக் கடைக்குப் பஞ்சமில்லை, ஈயக் குண்டு எளிதில் கிடைக்கும். ஆனால் ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். காலப்போக்கில் பசையின் அமிலத்தோடு வினைபுரிந்து ஈயம் உப்பி, வண்டியின் சுவரையே பிளந்துவிடும். எப்பாக்ஸியில் ஒட்டினேன். வண்டிகள் இப்போது 19, 20 கிராம். அதற்கு மேல் ஏற்றினால் எஞ்சின் திணறுகிறது.

எடையை முதலிலேயே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். கனமான வண்டி 0.7 மி.மீ. படியைப் பல தடவை சமாளித்திருக்கும். விழுதல் குறைந்திருக்கும், நான் திருப்தியடைந்திருப்பேன், முறுக்கும் கட்டை உள்ளேயே இருந்திருக்கும். அந்த வகையில் 7 கிராம் வண்டி எனக்கு நல்லதே செய்தது. கோளாறைத் தேடும்போது லேசான வண்டியில் தேடுங்கள், தீர்ந்தபின் எடை ஏற்றுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது. ஒரு தடவை மின்சாரம் திரும்பி வந்த அதிர்ச்சியில் என் கன்ட்ரோலர் எரிந்துபோனது. அப்புறம் 12 வோல்ட் பேட்டரிக்கு மாறிவிட்டேன். மின்சாரம் இருக்கும்போது அது சார்ஜ் ஆகும், ரயில் எப்போதும் பேட்டரியில் ஓடும். தெருவே இருண்டிருக்கும் நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் நோட்டு எழுதிய பக்கங்கள் நிறைய உண்டு.

கரும்பும் கேங்கும்

பாதை சீரானபிறகுதான் வயலை மனதாரச் செய்ய முடிந்தது. மூன்று மீட்டர் கரும்பு 1:76இல் 4 செ.மீ. தண்டின் கனம் அரை மி.மீ.கூட வராது. துடைப்பத்தின் பிளாஸ்டிக் இழை அதற்குச் சரியாக இருந்தது. சோகைக்குத் தேங்காய் நார். கோயிலுக்கு உரித்த தேங்காயின் மட்டையை ஊறவைத்து, பிரித்து, பச்சைச் சாயம் ஏற்றி, கத்தரித்து ஒட்டினேன். ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. அரைவாசி வயல் இன்னும் வெட்டவெளிதான், அதை வெட்டி முடித்த வயலாக வைத்துக்கொண்டேன்.

மண் உம்சிண்டோ சாலையோரத்தில் அள்ளியது, செம்மண். சல்லடையில் சலித்து, அடுப்பில் வறுத்து, பிறகு காந்தத்தை அதன்மேல் பலமுறை ஓட்ட வேண்டும். கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். செம்மண்ணில் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு, அது மோட்டாருக்குள் போய் உட்கார்ந்தால் எஞ்சின் போய்விடும்.

எஸ்டேட் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளைத் தகரத்தில் செய்து நான் பாதையோரத்தில் வைத்தேன். ஆயா பார்த்துவிட்டு, பாதைக்கு அவ்வளவு கிட்டே வீடு இருந்ததில்லை என்றார். தள்ளி வைத்தேன். மாரியம்மன் கோயில் எங்கே என்று கேட்டார். அவர் சொன்ன இடத்தில், வேப்பமரம் போன்ற சிரிங்கா மரத்தடியில், விரல்நகம் அளவுக்கு ஒரு மேடை வைத்து மஞ்சள் தடவினேன். ஆடியில் கூழ் ஊற்றும்போது எஞ்சின்காரரும் நிறுத்திக் குடித்துவிட்டுப் போவார் என்று அப்போது சொன்னார். அதுவரை அதைச் சொன்னதில்லை. பலகைமேல் ஒரு பொருள் இடம் மாறும்போதெல்லாம் அவருக்கு இன்னொன்று நினைவு வருகிறது. அதற்காகவே நான் எதையும் நிரந்தரமாக ஒட்டுவதில்லை.

கேங்கில் ஐந்து பேர். நாலு பேர் கடப்பாரையோடு நிற்கிறார்கள். ஒருவர் கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் படுத்திருக்கிறார். அவரை வைத்த இடம் இரண்டு பலகைகளும் சேரும் இணைப்பு.

போன பிப்ரவரியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் இரவு தகட்டை எடுத்துக்கொண்டு போய் இணைப்பில் நுழைத்துப் பார்த்தேன். 0.1 மி.மீ. தகடு இறுகலாகப் போனது, அடுத்த கனம் போகவில்லை. 50 சுற்று ஓட்டினேன். ஒரு வண்டி விழுந்தது, 31ஆம் சுற்றில், பாதை பிரியும் பாயின்டில், வண்டிகளை இணைக்கும் கொக்கி மாட்டிக்கொண்டதால். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அந்தக் கொக்கியைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயா கேங்கைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது: "தண்ணி கொண்டாந்து குடுக்க ஆளில்லாமயா அஞ்சு பேரு வேல பாப்பாங்க? எங்கம்மா போவும், தலையில பான வெச்சிக்கிட்டு." 1:76இல் சேலை கட்டிய பொம்மை கடையில் கிடைக்கவில்லை. எப்பாக்ஸி மாவில் உருட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டரை செ.மீ.கூட இல்லாத உருவத்துக்குக் கொசுவம் வைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.